நீல வாலுக்கு இரண்டு வீடு

ஜாலான் புசார்,
சிங்கப்பூர்.
ஞாயிறு காலை

ரத்தினத்துக்கு,

யாக்கூப் எழுதுகிறேன். உறையின் மேல் உள்ள கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒரு விஷயம். இதே கடிதத்தின் நகல் ஒன்றைக் குணமணி அக்காவுக்கென்று தனியாக உன் மகள் மயூராவிடம் கொடுத்திருக்கிறேன். நீ கிழித்தாலும் உன் வீட்டுக்காரம்மா படித்துவிடுவார். என் நம்பரை நீ ப்ளாக் பண்ணி ஒன்பது வருடம் ஆகிறது, அதனால்தான் பேனாவை எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஈப்போவில் நீங்கள் இரண்டு பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று மயூரா சொன்னாள். கேட்க நிம்மதியாக இருந்தது. இங்கே நாங்களும் நன்றாக இருக்கிறோம். ரபியாவுக்கு முட்டி வலி, படி ஏறினால் என்னைத் திட்டுவாள், இறங்கினாலும் திட்டுவாள். மற்றபடி குறையில்லை.

முதலில், மயூராவைத் திட்டாதே. போன மாதம் அவள் கடைக்கு வந்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. நான் கடைசியாகப் பார்த்தபோது பள்ளிச் சீருடையில் இருந்தவள், இப்போது பேங்கில் வேலை பார்க்கிறாளாம். குஞ்சு மீனுக்குப் போடுகிற ஆர்ட்டீமியா முட்டை டின் கேட்டாள், அதிலும் பச்சை மூடி போட்டது. பஸ்ஸில் எல்லை தாண்டி மலேசியாவுக்குள் ஈப்போ வரைக்கும் போக வேண்டும், நன்றாகச் சுற்றித் தாருங்கள் என்றாள். அழகுக்கு வீட்டில் மீன் வைத்திருப்பவர்கள் அந்த டின்னை வாங்க மாட்டார்கள். கப்பி மீனில் குஞ்சு எடுத்து வளர்க்கிறவனுக்குத்தான் அது வேண்டும். அப்படி ஒருவன் ஈப்போவில் இருக்கிறான் என்றால் அவன் யார் என்று யோசித்துக்கொண்டே தலையை நிமிர்த்திப் பார்த்தேன். மூக்கு அப்படியே உன்னுடையது. ரத்தினத்தின் மகளா என்று கேட்டதும் அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அங்கிள், இங்க வாங்குறேன்னு அப்பாக்குத் தெரியாது லா. தெரிஞ்சா மீனைப் பட்டினி போட்டுருவார்" என்றாள்.

இதற்கு முன்னால் எல்லாம் நான் கடையில் இல்லாத நேரம் பார்த்து வந்து வாங்கியிருக்கிறாள். ஆக, உன் மீன்கள் இரண்டு வருடமாக என் கடைத் தீனியைத்தான் தின்று வளர்கின்றன. இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எழுதிக்கொள்ளுங்கள், எப்படியும் ஒருநாள் தெரியத்தான் போகிறது என்று சொன்னாள். தைரியமான பிள்ளை.

கடை எப்படி இருக்கிறது என்று நீ கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். நீ இருந்தபோது ஒரு கடை அகலம். இப்போது பக்கத்து ஹார்டுவேர் கடைக்காரர் காலி செய்த இடத்தையும் எடுத்துவிட்டேன். பின்பக்கம் முழுக்கத் தொட்டி, தரையிலிருந்து உத்தரம் வரைக்கும். வாரத்துக்கு இரண்டு முறை சாங்கி ஏர்போர்ட்டுக்குப் பெட்டி போகிறது. பையில் தண்ணீர், ஆக்சிஜன், மீன், அதற்கு மேல் தெர்மாக்கோல் பெட்டி. என் பையன் அதீஃப்தான் கார்கோவில் நின்று பேப்பர் வேலை எல்லாம் பார்க்கிறான். சைக்கிளில் பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாக மீன் விற்ற யாக்கூப்பின் மீன் இன்றைக்கு விமானத்தில் போகிறது. இதை நான் ஊரில் யாரிடம் சொன்னாலும் வாயைப் பிளப்பார்கள். உன்னிடம் சொன்னால் உதட்டைச் சுழிப்பாய். சுழித்துக்கொள்.

எக்ஸ்போவில் நடந்த போட்டியில் நம் நீல வால் கப்பி மூன்று வருடம் முதலாவதாக வந்தது. நடுவராக வந்த ஜெர்மன்காரர் கண்ணாடிக்கு முன்னால் குனிந்தவர் நிமிரவே இல்லை. விசிறி மாதிரி விரிந்த வால், அடியிலிருந்து நுனிவரை ஒரே நீலம், வேறு நிறத்தில் ஒரு பொட்டு கிடையாது. எத்தனை வருட வேலை என்று கேட்டார். இருபது வருடம், இரண்டு பேர் என்று சொன்னேன். இன்னொருவர் எங்கே என்று கேட்டார். வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மீன் போகப் போகிறது, ரத்தினம்.

கடையில் ஆயிரம் மீன் இருக்கிறது, அதைச் சொல்லவில்லை. நம் நீல வாலைச் சொல்கிறேன். நான்கு தொட்டிதான் மிச்சம். முன்பெல்லாம் ஒரு பெண் மீன் ஐம்பது குஞ்சு போடும். இப்போது எட்டு, பத்து. அதிலும் பாதிக்கு முதுகு வளைந்திருக்கிறது. ஆண்கள் பார்க்க ராஜா மாதிரி இருக்கின்றன, பெண்ணைத் திரும்பிப் பார்ப்பதில்லை. தண்ணீர் மாற்றினேன், தீனி மாற்றினேன், மருந்து விட்டேன். எதற்கும் அசையவில்லை.

அதீஃப் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டான். "ஒரே குடும்பத்துக்குள்ளயே சேர்த்துச் சேர்த்து வச்சா கெட்டுப்போகும்னு தெரியாதா அத்தா?"

தெரியாமல் என்ன. அப்படிச் சேர்த்ததால்தான் இந்த வாலே வந்தது என்று அவனுக்குச் சொன்னேன். தகப்பனுக்கு மகள், பாட்டனுக்குப் பேத்தி என்று ஒரு நல்ல ஆணின் ரத்தத்தை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தோம். கூடப் பிறந்தவற்றை மட்டும் தனித்தனியாகப் பிரித்தோம். கோணலாக வந்ததையெல்லாம் இரக்கமில்லாமல் ஒதுக்கினோம். இருபது வருடம் அப்படி வடிகட்டித்தான் அந்த நீலம் நின்றது. வெளி மீனைக் கொண்டுவந்து விட்டால் வால் போய்விடும். விடாவிட்டால் மீனே போய்விடும். இதுதான் நிலைமை என்றேன்.

நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. நீல வாலுக்குக் கிட்டத்தட்ட அதே மாதிரி வால் உள்ள மீனை வெளிநாட்டில் யாராவது தனியாக உண்டாக்கியிருந்தால், அதன் ஆணைக் கொண்டுவந்து சேர்க்கலாம், வாலும் அதிகம் கெடாது என்று கணக்குப் போட்டேன். ஹங்கேரியில் ஒருவன் "டான்யூப் ப்ளூ" என்று ஒரு மீனை இன்டர்நெட்டில் போட்டிருந்தான். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், அவ்வளவு ஒற்றுமை. வெள்ளைக்காரனும் நம்மைப் போலவே ரசனை உள்ளவன் என்று நினைத்துக்கொண்டேன். பேரம் பேசாமல் வாங்கினேன். நான் பேரம் பேசவில்லை என்றால் எந்த அளவுக்கு மயங்கியிருந்தேன் என்று நீயே புரிந்துகொள். பெட்டி வந்து இறங்கியதும் அதீஃப் சாங்கியிலிருந்து அதைக் குழந்தையைத் தூக்குவது போல மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

சேர்த்தேன். குஞ்சு வந்தது. அதே பத்து. அதே வளைந்த முதுகு.

எனக்கு அப்போதுதான் சுருக்கென்றது. உங்கள் மீனின் மூலம் எங்கே என்று அந்த ஆளுக்கு எழுதிக் கேட்டேன். மறுநாளே பதில் வந்தது. அவன் மீன் வளர்ப்பவனே இல்லை. வருடா வருடம் வாங்கி, பெயர் வைத்து, விற்கிறவன். எங்கே வாங்கினான் என்றால், சிங்கப்பூரில் ஒரு ஏற்றுமதிக்காரரிடம். அந்த ஏற்றுமதிக்காரருக்கு யார் கொடுத்தது? நான்தான். அது என்னிடம் திரும்பி வந்த அதே வருடம்தான். நம் மீன் புடாபெஸ்ட் வரைக்கும் போய் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு, புதுப் பெயரோடு வந்து என் தொட்டியிலேயே மாப்பிள்ளையாக இறங்கியிருக்கிறது.

ரபியாவிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஃப்ளைட் சார்ஜ் கட்டி சொந்த அண்ணன் தம்பியையே கூட்டிட்டு வந்திருக்கீங்க, இப்படி யாவாரம் பண்ற ஆளை நான் பார்த்ததே இல்ல" என்றாள். இரண்டு நாள் அவளுக்கு முட்டி வலியே இல்லை.

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் மறைக்காமல் சொல்கிறேன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. உலகத்தில் நல்ல நீல வாலைத் தேடிக் கிளம்பினால் ஜாலான் புசாரில் வந்துதான் நிற்க வேண்டும் போலிருக்கிறது. தைவானில் விசாரித்தேன், பாங்காக்கில் விசாரித்தேன். நம்மிடமிருந்து போனதை ஆளாளுக்குச் சிவப்போடும் மஞ்சளோடும் கலந்து, வாலைக் கந்தல் துணியாக்கி வைத்திருக்கிறார்கள். கலக்காமல், வெளி மீனை உள்ளே விடாமல், நம் ரத்தத்தை அப்படியே தனியாக வளர்த்தவன் உலகத்தில் எவனும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த வாரத்தில்தான் மயூரா டின் வாங்க வந்தாள்.

அப்பாவிடம் எத்தனை தொட்டி என்று கேட்டேன். எட்டு என்றாள். வேறு மீன் ஏதாவது வாங்கி விட்டாரா என்று கேட்டேன்.

"அவரா? பக்கத்து வீட்டு அங்கிள் சும்மா குடுத்த மீனையே கதவுக்கு வெளியில வச்சே திருப்பிக் குடுத்துட்டார்" என்றாள்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது மீன் இல்லை, உன் கோழி. காத்தோங்கில் உங்கள் சிலோன் ரோடு வீட்டின் பின்கட்டில் நீ வளர்த்தாயே, கறுப்பு வால் வைத்த வெள்ளைக் குட்டைக்கோழி. நான் அதைப் பார்த்துத்தான் உன்னோடு கூட்டுச் சேர்ந்தேன். கோழிக்கு இவ்வளவு கணக்குப் பார்க்கிறவன் மீனுக்கும் பார்ப்பான் என்று நினைத்தேன், அது தப்பவில்லை. ஒரு வருடம் அடை வைத்த முட்டையில் பாதி கூமுட்டையாகப் போனது. பொரித்ததும் இரண்டு நாளில் தலை தொங்கிவிட்டது. வேறு சாதிச் சேவல் ஒன்றை வாங்கி விடு என்று நான் சொன்னேன். நீ கேட்கவில்லை. சிலேத்தாரில் இருந்த உன் அண்ணன் வீட்டுக்குப் போய், அவர் பிள்ளைகள் விளையாட என்று நீ எப்போதோ கொடுத்த குஞ்சுகளின் வழியில் வந்த சேவல் ஒன்றை அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தாய். அதுவும் உன் கோழிதானே, இதில் என்ன லாபம் என்று நான் கேலி செய்தேன்.

"ரத்தம் ஒண்டுதான் யாக்கூப், வீடு வேற. அது காணும்" என்று நீ சொன்னாய். போதும் என்பதற்கு உங்கள் பேச்சு அது.

அடுத்த அடையில் ஒரு முட்டை கூட வீணாகவில்லை. சேவலின் வாலும் மாறவில்லை. தனித்தனியே வளர்ந்த இடத்தில் இதன் குறை அதில் இல்லை, அதன் குறை இதில் இல்லை என்று விளக்கினாய். எனக்கு அன்றைக்குப் பாதிதான் புரிந்தது. முழுக்கப் புரிய இத்தனை வருடமும் ஒரு ஹங்கேரிக்காரனும் தேவைப்பட்டார்கள்.

நம் சண்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை எழுதாவிட்டால் நீ இந்தக் கடிதத்தை நம்ப மாட்டாய். ஆண் மீனை மட்டும்தான் விற்க வேண்டும், பெண் நம் கையை விட்டுப் போகக் கூடாது என்பது உன் கட்சி. நான் ஜோடியாக விற்றேன். "பொட்டையையும் வித்துப்போட்டியே, இனி இது எங்கட மீன் இல்லை" என்று நடு ரோட்டில் நின்று கத்தினாய். பக்கத்து ஹோட்டலுக்குப் பெட்டியோடு வந்த டூரிஸ்ட் எல்லாம் நின்று பார்த்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொட்டிகளைச் சரிபாதியாகப் பிரித்து வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாய். யார் மேல் தப்பு என்று பேச நான் இதை எழுதவில்லை. என்னைக் கேட்டால் உன் மேல்தான். வியாபாரி விற்பான். விற்காவிட்டால் அந்த ஜெர்மன்காரருக்கு நம் மீன் இருப்பதே தெரிந்திருக்காது. அதில் நான் மாறவில்லை, நீயும் மாறியிருக்க மாட்டாய்.

ஆனால் இதை யோசித்துப் பார். கப்பிக்கு ஒன்பது வருடம் என்பது முப்பது தலைமுறை. முப்பது தலைமுறையாக உன் பாதி உன் தண்ணீரில், உன் கண்ணுக்குப் பிடித்ததாகப் பார்த்துப் பொறுக்கி வளர்ந்திருக்கிறது. என் பாதி என் கண்ணுக்கு. நீ வாலைப் பார்ப்பாய், நான் உடம்பைப் பார்ப்பேன், எப்போதும் அதுதானே நமக்குள் தகராறு. நாம் சமாதானமாக ஒரே கடையில் இருந்திருந்தால் இன்றைக்கு எல்லா மீனும் ஒரே குட்டையாகி, சேர்ந்தே முடிந்திருக்கும். நாம் போட்ட சண்டையில் நமக்கு என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. மீனுக்கு இரண்டாவது வீடு கிடைத்திருக்கிறது.

இதை உதவியாகக் கேட்கிறேன் என்று நினைக்காதே. உன் பக்கமும் சரியில்லை என்று மயூரா சொல்லிவிட்டாள். உன் ஆண்களுக்கு வால் கனம் தாங்காமல் மடிகிறதாம், நீந்த முடியாமல் அடியில் கிடக்கின்றனவாம். பெண்கள் குஞ்சு போடுவதும் குறைந்துவிட்டதாம். நீ நான்கு ஆண் கொடு. நான் நான்கு ஆண் கொடுக்கிறேன். என் மீனின் உடம்புக்கட்டு உன் வாலைத் தாங்கும். பண்டம் மாற்றுதான், யாரும் யாருக்கும் கடன் இல்லை.

பெண்களைத் தயாராக வைத்திருக்கிறேன். குஞ்சிலேயே பிரித்து, ஆண் வாடையே படாமல் ஒரு தொட்டி நிறைய வளர்த்திருக்கிறேன். ஒருமுறை ஆணோடு சேர்ந்துவிட்டால் மாதக்கணக்கில் அந்த ஆணின் குஞ்சையே போட்டுக்கொண்டிருக்கும் என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் வலை போட்டு மூடிக் காவல் காக்கிறேன். ஆனால் அவற்றுக்கும் வயது ஏறுகிறது. இன்னும் இரண்டு மாதம் போனால் அவை குஞ்சு போடுகிற பருவத்தைத் தாண்டிவிடும். அவற்றுக்கு அடுத்து வந்த குஞ்சில் முதுகு நேராக இருக்கும் பெண் இரண்டே இரண்டுதான். நீ யோசிக்க எடுத்துக்கொள்ளும் நாளை இந்தக் கணக்கில் வைத்து யோசி.

பெர்மிட், லைசென்ஸ் எல்லாம் என் பாடு. இரண்டு பக்கமும் பேப்பர் எடுத்துவிடுவேன், ஒரு கையெழுத்து போட்டால் போதும். கூரியரில் அனுப்புவது எனக்குச் சம்மதம் இல்லை. நல்ல மீன் கையில் வருவதுதான் சரி. வழியில் பையைத் திறந்து காற்று மாற்ற ஆள் வேண்டும். மயூரா செய்வாள், ஆனால் அவளுக்கு வேலை இருக்கிறது. உனக்கு ரிட்டயர்மென்ட். குணமணி அக்காவையும் கூட்டிக்கொண்டு வா. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. ரபியா அதை இப்போதே கூட்டிப் பெருக்கிவிட்டாள், நீ இன்னும் கடிதத்தையே படிக்கவில்லை என்று சொன்னாலும் கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று. இதை எழுதுவதா வேண்டாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். இந்த நீலமும் இந்த விரிப்பும் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகிறவை என்பது நமக்குத் தெரியும். உன் ஆணை என் பெண்ணோடு சேர்த்தால் பிறக்கிற ஆண்கள் எல்லாம் உன் வாலோடு வரும். இத்தனை வருடம் நான் பார்த்துப் பார்த்து வளர்த்த ஆண் வழி என் தொட்டியில் அதோடு நின்றுவிடும். ஈப்போவில் உன் எட்டுத் தொட்டியில்தான் அது நீந்தும். நீ அதை ஒதுக்கித் தள்ளிவிடாமல் வளர்ப்பாய் என்று எனக்குத் தெரியும், உன் கை அப்படி. இங்கே கடைக்கு வருகிறவர்கள் கண்ணாடிக்கு முன்னால் நின்று, இது யார் மீன் என்று கேட்பார்கள். ஈப்போ ஜெயரத்தினத்தின் மீன் என்று சொல்வேன். சொல்லிப் பார்த்தேன், சொல்ல வருகிறது.

அல்லாஹ் உனக்கும் அக்காவுக்கும் நல்ல உடம்பையும் நீண்ட ஆயுளையும் தரட்டும். மயூராவுக்கு நல்லதெல்லாம் நடக்கட்டும். ஆண்களை எடுக்கும்போது அவசரப்படாதே. ஒரு காலைப்பொழுது தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, தெம்பாக நீந்துகிறதாகப் பார்த்து எடு. எனக்கு இங்கே விற்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எது நல்ல மீன் என்று என்னோடு சண்டை போட ஒருவரும் இல்லை.

சீக்கிரம் வா.

இப்படிக்கு,
யாக்கூப்